தலை நிறைய நுரை

ரெண்டே நிமிஷம், வந்துடுறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் இவர். போய் இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும். கையில் கடிகாரம் இல்லை, கண்ணைத் திறந்தால் ஷாம்பு இறங்கி எரிகிறது, ஆனால் இருபத்தேழு வருஷமாக இவருடைய ரெண்டு நிமிஷங்களைக் காத்துக் கழித்த உடம்பு இது, அதற்குத் தெரியும். தலை நிறைய நுரையோடு, கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற ஒரு குளியலறையில், காய்ந்துபோன குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். மூன்று சொம்பு வந்தது. நாலாவதுக்கு ஒரு இருமல். ஐந்தாவதுக்கு வெறும் காற்று. இந்த ரிசார்ட்டின் விளம்பரத்திலும் அதே ரெண்டு நிமிஷம்தான் போட்டிருந்தான், கடலுக்கு இரண்டே நிமிட நடை என்று, நீல எழுத்தில், பக்கத்தில் ஒரு தென்னை மரம் வேறு. எந்தக் காலால் நடந்து பார்த்து எழுதினானோ. நேற்று சாயந்திரம் இறால் பண்ணை வேலியைச் சுற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய்க்காலைத் தாண்டி, கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருக்கும் பாறாங்கல் மேல் ஏறி, கை கொடுக்கிறேன் பேர்வழி என்று இவர் முதலில் வழுக்கி, ஒருவழியாகக் கடலைப் பார்த்தால் நிற்க மணல் இல்லை. கல், கல்லுக்கு அப்புறம் நேரே தண்ணீர். ஒரே ஒரு அலை வந்தது, என்னைத் தலையோடு நனைத்துவிட்டுப் போய்விட்டது, அதற்குத்தான் காத்திருந்த மாதிரி. அந்த உப்பையும் பிசுக்கையும் கழுவத்தான் இந்தத் தலைக்குளியல். இவர் கரையில் நின்று, எவ்வளவு அழகா இருக்கு பாரு கோமு, என்றார். இவருக்கு எல்லாம் அழகு. பச்சைப் பாசி படிந்து தவளை கத்துகிற நீச்சல் குளத்தைப் பார்த்து, இயற்கையா விட்டிருக்காங்க, என்றவர்.

உடம்பைச் சுற்றியிருக்கும் துண்டு நேற்று வரை அன்னப்பட்சியாக இருந்தது. கதவைத் திறந்ததும் கட்டில் நடுவில் இரண்டு அன்னம், மூக்கோடு மூக்கு, சுற்றிலும் காகிதப் பூ இதழ். ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கும். அந்த அன்னங்களைத் தவிர வேறு துண்டு கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் வேறு ஏதோ ஓட்டல் பெயர். கீழே போய், ஏம்ப்பா, இது அந்த ஓட்டல்காரங்களுக்குத் தெரியுமா, என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மேனேஜர் குணாளன் என்கிற அந்த ஒல்லிப் பையன் என்னைப் பார்த்து எச்சில் விழுங்கினான். இவர் பின்னாலேயே வந்து, அவங்க சும்மா தமாஷ் பண்றாங்க தம்பி, என்று சிரித்தார். நான் தமாஷ் பண்ணவில்லை. கட்டில் விரிப்பில் சிகரெட் சுட்ட ஓட்டை, ஏசி ரிமோட்டுக்கு ரப்பர் பேண்ட் கட்டு, இன்டர்காமை எடுத்தால் கடல் சத்தம், அதாவது கடல் அங்கேதான் இருக்கிறது, போனுக்குள். சீ வியூ ரூம் என்றுதானே போட்டிருந்தது, கடல் எங்கே, என்று அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பால்கனி கதவைத் திறந்தால் ஜெனரேட்டர். கடைசியில் இவர்தான் கண்டுபிடித்தார், பாத்ரூம் வென்டிலேட்டர் வழியா தெரியுது கோமு, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஏறினா நல்லாத் தெரியுது. அதையும் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு ராத்திரிக்குத்தானே, என்றார். அவருக்கு ஒரு ராத்திரி. பத்தரைக்கு ராகு காலம் முடிந்ததும் அவர் கிளம்பிக் கடலூர் போய்விடுவார், சம்பந்தி வீட்டுக்கு. நான் இந்த ஜெனரேட்டரோடு சாயந்திரம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா, நீ வராதே. அப்பா மட்டும் வரட்டும். வியாழக்கிழமை சிந்துஜா போனில் சொன்னது, சொல்லிவிட்டு ஒரு ப்ளீஸ் வேறு போட்டாள், அந்த ப்ளீஸ்தான் குத்துகிறது. கல்யாணமாகி ஆறு மாசம். பிசியோதெரபி படித்த பெண், நாலரை வருஷம், விழுந்து எழுந்த கிழவர்களை நடக்க வைக்கிற வேலை, அவளுடைய கையில் ஒரு பக்கவாதக்காரர் முதல் அடி வைத்த வீடியோவை நூறு தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். மாமனார் சொல்லிவிட்டாராம், கண்ட ஆம்பளைங்க கையையும் காலையும் பிடிச்சுவிடுறது நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு என்று. அவரே வாசகம் சொல்லச் சொல்ல இவள் ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்கிறாள். அது இப்போது சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குக் கீழே இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். நீ ஏண்டி எழுதினே என்று கேட்டேன். அழுதாள். உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான் என்றேன், அவரு அப்பா பேச்சைத் தாண்டமாட்டாரும்மா. ஆகப் பேசுவதற்கு மிச்சம் இருப்பது பெண்ணைப் பெற்ற அப்பா ஒருவர்தான். அதுவும் எப்படி, தற்செயலாக இந்தப் பக்கம் வந்தோம், கடற்கரையில் ரெண்டு நாள் தங்கலாம் என்று வந்தோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று, இந்த மாதிரி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கிறவரை அவள் புகுந்த வீட்டில் அப்பா அம்மா ராத் தங்கக் கூடாது. அதனால்தான் ரிசார்ட். அதனால்தான் அன்னப்பட்சி. இவர் தேடினார், இவர் பதிவு செய்தார், தென்னை மரத்தைப் பார்த்து மயங்கினார். நான் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு வராமல் இருக்க வேண்டும். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நேற்று பாறாங்கல் ஏறிய முழங்கால்.

நுரை காது மடலுக்குப் பின்னால் காய ஆரம்பித்துவிட்டது, தோல் இழுக்கிறது. இவர் மாத்திரை போட வைத்திருந்த அரை பாட்டில் குடிதண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டேன், ஒரு கண் திறக்கிறது. திறந்து பார்க்க என்ன இருக்கிறது, சுவரில் ஒரு பல்லி, நீர்க்கறை படிந்த கண்ணாடி, அதில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஒரு தலை. பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும், வேறு யாருடைய தலையாகவாவது இருந்தால். நானே துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு நைட்டியை மாட்டிக் கீழே போய் நின்றிருக்கலாம், மூன்றே நிமிஷத்தில் தண்ணீர் வந்திருக்கும். ஆனால் இன்றைக்கு இவரை வேண்டுமென்றேதான் அனுப்பினேன். கதவிடுக்கு வழியாகச் சொல்லிக் கொடுத்தேன், மூணே வாக்கியம். தண்ணீர் வரவில்லை. உடனே வர வேண்டும். வராவிட்டால் வேறு அறை. சிரிக்காதீங்க, குடும்பம் எங்கே பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேக்காதீங்க, மன்னிச்சுக்கோன்னு சொல்லாதீங்க. சரி கோமு, என்றார், பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர், பென்சிலைப் பிடித்தால் அப்படி ஒரு நேர்கோடு போடுவார், வாயைத் திறந்தால் ஒரு கோடு நேராக வராது. ஒரு பக்கெட் தண்ணீரைக் கேட்டு வாங்கத் தெரியாதவர் பதினோரு மணிக்கு சம்பந்தியின் அந்தப் பெரிய மீசை முன்னால் உட்கார்ந்து, என் பெண் வேலைக்குப் போவாள் என்று எப்படிச் சொல்வார். இதைச் சொன்னால் அதையும் சொல்வார். அப்படி எனக்குள் ஒரு கணக்கு. ஒரு ஒத்திகை. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் மேடை ஏற்றுவதற்கு முன்னால் எங்களைக் காலி வகுப்பறையில் பேச விடுவார், நில், நிமிர், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிப் பேசு. மூன்று வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு எனக்கு. அந்த வாயைத்தான் இப்போது எல்லோரும் சேர்ந்து மூடி வைக்கச் சொல்கிறார்கள்.

சும்மா சொல்லவில்லை, ஒரு தடவை பேசினேன்தான். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி சபையில் உட்கார்ந்து, எங்க வீட்ல எல்லாம் இருக்குங்க, பொண்ணு வேலைக்குப் போயித்தான் ஆகணும்னு இல்லை, என்றார். எல்லாம் இருக்குன்னா அப்புறம் எதுக்குங்க பொண்ணு தேடி வந்தீங்க, என்று கேட்டுவிட்டேன். யாரோ ஒரு அத்தை இருமினாள். இவர்தான் விழுந்து விழுந்து சிரித்து, கேசரி கொண்டுவரச் சொல்லிச் சமாளித்தார். அது நான் பேசியது, ஒத்துக்கொள்கிறேன், இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் பேசுவேன். ஆனால் வியாழக்கிழமை சிந்துஜா சொன்னதில் வேறு ஒன்று இருந்தது, அது அப்போதிலிருந்து துணியில் முள் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கு எதும்மா பிடிச்சுது, மண்டபம் பிடிக்கலை, மெனு பிடிக்கலை, அத்தை எடுத்த புடவைக் கலர் பிடிக்கலை, அவங்களுக்கு உன்னைப் பார்த்தாலே பயம்மா. மண்டபம் பிடிக்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? சம்பந்தி கடலூரில் ஒரு மண்டபம் சொன்னார், அப்புறம் அது வேண்டாம் என்று ஆகி எங்கள் ஊரிலேயே நடந்தது, அவர்களே மாற்றிக்கொண்டார்கள் என்றார் இவர். புடவைக் கலரா? அந்தப் புடவையை நான் கல்யாணத்தன்றுதான் பார்த்தேன். போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன், தோசை வார்க்கும்போது, பெட்டி அடுக்கும்போது. மண்டபம் பிடிக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன். இது மட்டும் இல்லை. எதிர் வீட்டுக் கஸ்தூரி ஏன் என்னைக் கண்டால் மாடிப்படியில் திரும்பிப் போகிறாள், அவள் வீட்டுக்காரர் வண்டியை நம் கேட் முன்னால் நிறுத்துவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பிளம்பர் ஏன் நான் கதவைத் திறந்தால், சார் இல்லையா, என்று ஒரு அடி பின்னால் வைக்கிறான். இவருடைய தம்பி குடும்பம் ஏன் ஊருக்கு வந்தால் ஓட்டலில் தங்குகிறது. என் முகம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காத முகம். அம்மாகூடச் சொல்வாள், உனக்குப் புருவம் கொஞ்சம் தூக்கல்டி. பெட்டி அடுக்கும்போது மாம்பழ நிறப் பட்டை எடுத்து அடியில் வைத்தேன். வரப்போவதில்லை என்று முடிவான பிறகு எதற்குப் பட்டு? தெரியாது. மேலே மூன்று நைட்டியைப் போட்டு மூடினேன், எனக்கே தெரியக் கூடாது என்கிற மாதிரி.

போதும். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். ஒரு கையால் குழாயைப் பிடித்து, ஒரு கையால் அன்னப்பட்சியைப் பிடித்து, திறந்த ஒற்றைக் கண்ணை வென்டிலேட்டர் இடுக்கில் வைத்தால், ஆமாம், இருக்கிறது கடல், தினசரிக் காலண்டர் தாள் அளவுக்கு. அதற்குக் கீழே மோட்டார் ஷெட். ஷெட் வாசலில் இவர். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவுக்கு வந்த விருந்தாளி மாதிரி. பக்கத்தில் குணாளன். இரண்டு பேர் கையிலும் டீ! நான் இங்கே கண் எரிந்து நிற்கிறேன், அங்கே டீ. கத்தியிருப்பேன். கத்துவதற்கு மூச்சை இழுத்துவிட்டேன். அப்போது இவர் குரல் கேட்டது, நேராக என் காலடியில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக. உங்க மேல தப்பே இல்லை தம்பி, எனக்கெல்லாம் அவசரமே கிடையாது, நான் மத்தியானம்கூடக் குளிச்சுக்குவேன். எங்க வீட்டம்மா இருக்காங்களே, அவங்கதான். ரொம்பக் கோவக்காரங்க. தலையில சோப்போட நிக்குறாங்க. அப்படியே இறங்கி வந்தாங்கன்னு வைங்க, எனக்கே பயமாத்தான் இருக்கு. ஐயோ, நேத்து துண்டு கேட்டாங்களே, அந்த மேடமா சார், முன்னாடியே சொல்லக் கூடாதா, என்று அந்தப் பையன் டீயைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். மோட்டார் உறுமியது. நான் பிடித்திருந்த குழாய் ஒரு தடவை துப்பியது, துருப்பிடித்த பழுப்பு, அப்புறம் வெளுத்து, அப்புறம் தடதடவென்று தண்ணீர், முப்பது நிமிஷமாக நான் எந்தச் சாமியை எல்லாமோ கூப்பிட்டுக் கேட்ட தண்ணீர். அந்தச் சத்தத்தில் இவர் பேசுவது கேட்கவில்லை. நான் குழாயை மூடினேன்.

என் கையாலேயே மூடினேன். ஒரு சொட்டு மூக்கு நுனியில் தொங்கியது. கீழே குணாளன் திரும்பி வந்து, கடலூருக்கா சார், என்ன விசேஷம், என்று கேட்டுக்கொண்டிருந்தான். பொண்ணு வீட்டுக்கு. ஒரு சின்ன விஷயம், பேசி முடிக்கணும். இவர் டீயை ஊதிக் குடித்தார், அந்த ஊதுகிற சத்தம்கூடக் கேட்டது. முடிஞ்சிடும் தம்பி, எல்லாம் சொல்ற விதத்துலதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை சம்பந்தி, வீட்டம்மாதான் ஒத்துக்கமாட்டேங்குறா, அப்படின்னு போட்டுட்டா யாருக்கும் சங்கடம் இல்லை பாருங்க. கல்யாண மண்டபத்துக்கும் அப்படித்தான் சொன்னேன், சுமுகமா முடிஞ்சுது. எதிர்ல இல்லாத ஆள் மேல வெச்சுட்டா நமக்கும் கெட்ட பேர் இல்லை, அவங்களுக்கும் மரியாதை போகலை. சூப்பர் சார், என்றான் அந்தப் பையன். இவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கேசரி கொண்டுவரச் சொன்ன சிரிப்பு. பக்கெட் மேல் நின்றபடி நான் கஸ்தூரியைப் பார்த்தேன், படியில் பாதி ஏறித் திரும்புகிற அவள் முதுகை. பிளம்பர் வைத்த அந்த ஒரு அடியை. வீட்டம்மா ஒத்துக்கமாட்டா, வண்டியைத் தள்ளி நிறுத்துங்க சார். வீட்டம்மா ஒத்துக்கமாட்டா, நாலு நாளைக்கு மேல தங்க வேண்டாம்ப்பா. இருபத்தேழு வருஷம். ஊரெல்லாம் நல்ல மனுஷன் என்று சொல்கிற நல்ல மனுஷன். வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு வைத்து, கடிச்சிடும் கடிச்சிடும் என்று வாசலில் நின்று சொல்லியே பிழைத்திருக்கிறார். கடிக்கிறவள் மேலே நுரையோடு நிற்கிறாள். நான் சிந்துஜாவுக்காக இதை ஒத்திகை என்று நினைத்து அனுப்பினேன். ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. தண்ணீர் வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு மணிக்கும் இதே மாதிரி வந்துவிட்டால், அந்தக் கடிதம் கிழிபட்டுவிட்டால், பெண் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டால், நான் என்ன சொல்ல முடியும். ஆனால் மீசைக்காரர் என்ன செய்வார்? வீட்டம்மாதானே, எங்கே அவங்க, வரலையா, முழங்கால் வலியா, சரி அவங்க வரும்போது பேசிக்கலாம், என்பார். இவரும் சரி என்பார். எதிரில் இல்லாத ஆளைக் காட்டி மிரட்டினால் துண்டு மடிக்கிற பையன் ஓடுவான். மீசை ஓடாது.

இறங்கினேன். கதவு தட்டும் சத்தம். கோமு, தண்ணி வந்திருக்குமே? வந்துச்சு, என்றேன். குளிச்சிட்டியா? இல்லை, மூடி வெச்சிருக்கேன். எதுக்கு மூடி வெச்சே, கண்ணு எரியாதா? எரியுது. என்ன சொன்னீங்க அவன்கிட்டே? ஒண்ணும் இல்லை, தன்மையாத்தான் கேட்டேன், பாவம், நல்ல பையன், செங்கல்பட்டாம், அப்பா கிடையாது. மூணு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேனே. அதெல்லாம் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டான் கோமு. இப்போது கேட்கலாம், கஸ்தூரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, இந்தக் கதவு நடுவில் இருக்கும்போதே. அழுதுவிடுவேனோ என்று இருந்தது, நுரையில் தெரியாது என்றாலும் குரலில் தெரிந்துவிடும். கேட்டால் மன்னிப்புக் கேட்பார், உருகுவார், பத்தரை ஆகிவிடும். நின்றேன். நிமிர்ந்தேன். என்னங்க, பெட்டியில அடியில, நைட்டிக்குக் கீழே, மாம்பழக் கலர் பட்டு இருக்கு, எடுத்து வெளியில வைங்க. நீ வரலைன்னுதானே, பாப்பா சொன்னாளே, என்று அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக வந்தது. பாப்பா முகம் சுருங்கும், எனக்குத் தெரியும், வாசலில் என்னைப் பார்த்ததும் அந்த ப்ளீஸ் அப்படியே கண்ணில் வந்து நிற்கும். சுருங்கட்டும். வரேன், என்றேன். நான் ஒண்ணும் பேசமாட்டேன். நீங்கதான் பேசணும். வீட்டம்மா ஒத்துக்கமாட்டேங்குறான்னு சொல்லுங்க, அதையே சொல்லுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா சொல்றப்போ நான் உங்க பக்கத்துல உக்காந்திருப்பேன். ஆமாம் ஒத்துக்கமாட்டேன்னு தலையை மட்டும் ஆட்டுவேன்.

கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்காது. தன் வார்த்தையே திரும்பி வந்ததும் வென்டிலேட்டர் நினைவுக்கு வந்திருக்கும், அதற்கு நேர் கீழே மோட்டார் ஷெட் என்று ஒரு டிராயிங் மாஸ்டருக்குத் தெரியாமல் போகாது. மேலும் கீழும் கோடு போட்டுப் பார்த்திருப்பார். கட்டில் கிறீச்சிட்டது, உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. நான் குழாய் மேல் கையை வைத்தபடி நின்றேன். நுரை முழுசாகக் காய்ந்து நெற்றியில் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது, பாதி வந்து நின்றது. நான் குழாயைத் திறக்கவில்லை. இவருடைய ரெண்டு நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நின்றேன். பிறகு மீதி ஜிப்பும் திறந்தது.